சத்தத்துக்கு நடுவே அளந்தவர்

அமுதா இறந்த செய்தி எனக்கு ஓர் அச்சு வேலையாக வந்தது.

பிரிக்ஃபீல்ட்ஸில் நான் வேலை செய்யும் அச்சகத்தில், காலையில் கடையின் கைப்பேசியைத் திறந்து வந்திருக்கும் ஆர்டர்களை வரிசைப்படுத்துவது என் பொறுப்பு. கல்யாண அழைப்பிதழ், காதணி விழா பேனர், சாப்பாட்டுக் கடை மெனு என்று வரும். அன்று முதலில் நின்றது ஒரு படம். அதன் கீழே இரண்டு வரிகள்: 'இறுதி அஞ்சலி பேனர், இன்று மதியத்துக்குள் வேண்டும். தோளில் இருக்கும் கையை எடுத்துவிடவும்.'

படத்தில் அமுதா சிரித்துக்கொண்டிருந்தார். தோளில் இருந்த கை என்னுடையது.

நான் அழவில்லை. உட்கார்ந்து வேலையைச் செய்தேன். என் கையை அழித்தேன், அந்த இடத்தில் அவருடைய புடவையின் நிறத்தை இட்டு நிரப்பினேன், பெயரையும் நேரத்தையும் சேர்த்தேன். முடித்ததும் முதலாளியிடம் வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, பூக்கடைகள் இருக்கும் சாலையில் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் எத்தனை முறை நடந்தேன் என்று தெரியாது. பூக்கட்டும் அக்கா ஒருவர் யாரையாவது தேடுகிறீர்களா என்று கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டு மறுபடியும் நடந்தேன்.

அதற்கு முன் ஏழு மாதம் நாங்கள் பேசவில்லை. காரணத்தை அதன் இடத்தில் சொல்கிறேன். அதைச் சொல்வதற்காகத்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்பதும் பொய்தான், இதுவரை நான்கு முறை எழுந்துவிட்டேன்.

அவரை அறியாதவர்களுக்காக: அமுதா மனோகரன், வயது நாற்பத்தொன்பது. போர்ட் கிள்ளானில் ஒரு கப்பல் சரக்கு அலுவலகத்தின் ஆவணப் பிரிவில் வேலை. சனி, ஞாயிறுகளில் கல்யாண விருந்துகளுக்கும் பிறந்தநாள்களுக்கும் பாட்டு ஓட்டும் டிஜே. பத்து வருடத்துக்கு மேலாக நான் அவருடைய கூட்டாளி. ஒரு நாள் காலையில் வேலைக்குக் கிளம்ப ஒரு காலில் செருப்பு மாட்டியவர் வாசலிலேயே சரிந்துவிட்டார். மாரடைப்பு என்றார்கள். மற்றச் செருப்பை மாட்டும்வரைகூட அவருக்குப் பொறுமை இல்லை என்று எனக்கு அவர்மேல் கோபம் வந்தது.

எழுத்தில் 'அவர்' என்று எழுதுகிறேன். நேரில் எங்களுக்குள் 'நீ'தான், 'டி'தான். என்னைவிட மூன்று வயது மூத்தவர். ஆனாலும் அக்கா என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கமாட்டார். இந்த மரியாதையைப் படித்தால் விழுந்து விழுந்து சிரிப்பார்.

நாங்கள் அறிமுகமானது பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கல்யாண விருந்தில். நான் மைக்கில் அறிவிப்புச் சொல்லிக்கொண்டே மடிக்கணினியில் பாட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். அமுதா விருந்தாளியாக வந்திருந்தார். வாழையிலைச் சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு, கழுவாத கையோடு மேடைக்கு ஏறி வந்து, இடது ஸ்பீக்கர் செத்துப்போய் அரைமணி நேரமாகிறது, உனக்கு இன்னுமா தெரியவில்லை என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அது உண்மையிலேயே செத்துத்தான் இருந்தது. அடுத்த வாரம் அவரே தொலைபேசியில் கூப்பிட்டு, உனக்கு வாய் இருக்கிறது, எனக்குக் காது இருக்கிறது, சேர்ந்து செய்வோமா என்றார்.

இரண்டு பெண்கள் சாமான்களோடு மண்டபத்துக்குள் நுழைந்தால் முதல் கேள்வி எப்போதும் "டிஜே அண்ணன் எங்க?" என்பதாகத்தான் இருக்கும். அமுதா சளைக்காமல் பின்னால் வருகிறார் என்பார். விருந்து முடியும்வரை அந்த அண்ணன் வந்துகொண்டே இருப்பார்.

பொத்தானைத் தட்டினால் பாட்டு வரும் காலத்தில் அவர் ஏன் இசைத்தட்டு சுற்றும் இரண்டு டர்ன்டேபிள்களை லோரியில் ஏற்றிக்கொண்டு அலைந்தார் என்று கேட்காதவர்கள் குறைவு. அவருடைய பதில் ஒன்றுதான்: "கை சும்மா இருந்தா எனக்குப் பைத்தியம் பிடிச்சிடும் லா." அது சும்மா சொன்னதில்லை. அவரால் சும்மா இருக்க முடியாது. பத்துமலைத் தைப்பூசக் கூட்டத்தில் நின்றாலும் விரல் தாளம் போட்டுக்கொண்டே இருக்கும், எந்தக் குழுவின் உறுமி தரையை அதிகம் அதிரவைக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பார்.

அந்த இசைத்தட்டுகளில் பாட்டே கிடையாது. முழுவதும் ஒரே கீச்சொலிதான். ஊசி அந்த ஒலியைப் படிக்கும். தட்டு எந்தப் பக்கம், எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று கணினி அதிலிருந்து தெரிந்துகொண்டு, தன்னிடம் உள்ள பாட்டை அதே மாதிரி ஓட்டும். தட்டைக் கையால் நிறுத்தினால் பாட்டு நிற்கும், பின்னால் இழுத்தால் பாட்டும் பின்னால் போகும். ஈப்போவிலிருந்து வந்த ஓர் அங்கிள் இதை நம்பவே இல்லை. இவ்வளவு நல்ல பழைய பாட்டு ரெக்கார்ட் எங்கும் கிடைக்காது, ஒன்றைக் கொடுத்தே ஆகவேண்டும் என்று மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அமுதா ஒரு பழைய தட்டைக் கொடுத்தனுப்பினார். மூன்றாம் நாள் அங்கிள் கூப்பிட்டு, வீட்டில் போட்டால் ஒரே கூவலாக இருக்கிறது, நாய் கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டது என்றார். அமுதா அமைதியாகச் சொன்னார்: "பாட்டு என்கிட்ட இருக்கு அங்கிள். உங்ககிட்ட இருக்கிறது ஸ்டியரிங் மட்டும்தான்."

இந்தச் சாமான்கள் மக்கர் பண்ணாத நாளே கிடையாது. ஜெஞ்சாரோமில் ஒரு விருந்து. தட்டு முன்னால் சுற்றுகிறது, பாட்டு பின்னால் ஓடுகிறது. நான் பதறிப்போய்க் கணினியை அணைத்து அணைத்துத் திறந்துகொண்டிருந்தேன். அமுதா என் கையைத் தட்டிவிட்டார். அவருக்கு ஒரு வரிசை உண்டு: முதலில் கையால் தொடக்கூடியதைப் பார்க்கவேண்டும், கடைசியில்தான் திரை. ஊசியை ஊதினார். வயர்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார். நான் சிவப்பு வயரை வெள்ளை இடத்திலும் வெள்ளையைச் சிவப்பு இடத்திலும் சொருகியிருந்தேன். இடமும் வலமும் மாறிவிட்டால் கணினிக்கு முன்னும் பின்னும் மாறிவிடும். மாற்றிச் சொருகிவிட்டுத் திரையில் தெரியும் பச்சை வளையங்களைக் காட்டினார். வளையம் வட்டமாக இருந்தால் நல்லது, முட்டை மாதிரி நீண்டால் ஒரு பக்கம் ஒழுங்காக வரவில்லை, நடுங்கினால் எங்கேயோ தேவையில்லாத சத்தம் நுழைகிறது. இவ்வளவுதான் அவருடைய வைத்தியம். அன்று வீடு திரும்பும் வழியெல்லாம் என்னைச் சிவப்பி என்று கூப்பிட்டுக்கொண்டு வந்தார்.

அவருடைய ஒரு வழக்கம் மட்டும் எனக்குப் பிடிக்கவே இல்லை. கணினியிடம் ஓர் அளவு சொல்லிவைக்க வேண்டும்: இவ்வளவு சத்தம்வரை அது மண்டபத்தின் அதிர்வு, கண்டுகொள்ளாதே, அதற்கு மேல் வந்தால்தான் தட்டு சுற்றுகிறது என்று எடுத்துக்கொள். நிற்கும் தட்டின்மேல் ஊசியை வைத்து இதை அளக்கவேண்டும். நான் மண்டபம் காலியாக, ஒழுங்காக, அமைதியாக இருக்கும்போதே அளந்து முடித்துவிடலாம் என்பேன். அமுதா ஒப்பமாட்டார். உறுமி மேளக்காரர்கள் வரும்வரை காத்திருப்பார். வந்ததும் அவர்களை மேசைக்குப் பக்கத்தில் நிறுத்தி இரண்டு நிமிடம் விடாமல் அடிக்கச் சொல்வார். சாப்பாடு போடும் பையன்கள், மாலை கட்டுபவர்கள், மாப்பிள்ளை வீட்டார் எல்லாரும் என்ன கூத்து இது என்று திரும்பிப் பார்ப்பார்கள். எனக்கு மானம் போகும். அமுதா அந்த இரைச்சலுக்கு நடுவில் ஒரு விரலைக் கணினியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடி நிற்பார். அவர் அசையாமல் நின்று நான் பார்த்தது அந்த இரண்டு நிமிடங்களில் மட்டும்தான்.

ஒருமுறை இதற்காகச் சண்டையே போட்டேன். அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "அமைதியில அளந்தா அமைதிக்குத்தான் சரி வரும் சுகு. நம்ம ஆளுங்க கல்யாணத்துல அமைதி எங்கடி இருக்கு?"

இனி அந்தக் கல்யாணத்துக்கு வருகிறேன். கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

கிள்ளானில் ஒரு பெரிய மண்டபம். பெண்ணின் அப்பா அமுதா போகும் கோயிலில் எல்லாருக்கும் தெரிந்தவர், அமுதாவை நம்பிக் கொடுத்த வேலை. அமுதாவின் கணவர் மனோகரன் அண்ணன் காலையிலேயே சாமான்களைத் தன் லோரியில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போய்விட்டார். சாயங்காலம் பெருமழை. அமுதா பாலத்துக்கு அந்தப் பக்கம் ஜாமில் மாட்டிக்கொண்டார். நான் தனியாக எல்லாவற்றையும் இணைத்துப் பூட்டினேன். வளையங்கள் வட்டமாக இருந்தன. காலி மண்டபத்தில், குளிர்சாதனத்தின் சத்தம் மட்டும் கேட்க, என் விருப்பப்படி நிம்மதியாக அளந்து முடித்தேன். ஒரு தடவையாவது இதை ஒழுங்காகச் செய்தேன் என்று பெருமையாகக்கூட இருந்தது.

பெண் வாசலுக்கு வந்தாள். அவள் நுழையவேண்டிய பாட்டின் முதல் அடியில் ஊசியை வைத்து, தட்டை நிறுத்திக் காத்திருந்தேன். உறுமி முழங்கிக்கொண்டு முன்னால் வந்தது. தட்டு நின்றுகொண்டே இருக்க, பாட்டு தானாகத் திக்கித் திக்கிக் கிளம்பியது, இரண்டு அடி முன்னால் போய் ஒன்றரை அடி பின்னால் வந்தது. நான் தட்டை இன்னும் இறுக்கிப் பிடித்தேன். அந்த நேரம் பார்த்து அமுதா நனைந்த தலையோடு ஓடிவந்தார், என்னை விலக்கிவிட்டுக் கணினியில் எதையோ அழுத்தினார். ஸ்பீக்கர் ஒரு வீறல் போட்டு முழுதாக அடங்கியது. பெண் ஒரு காலை முன்னால் வைத்தபடி நின்றாள். இரண்டு விநாடிக்குப் பின் பாட்டு முதலிலிருந்து ஒழுங்காக ஓடியது.

பெண்ணின் அப்பா மேடையோரம் வந்து என்னம்மா இது என்று கேட்டார். நான் சொன்னேன்: "நான் எல்லாம் சரியாத்தான் வச்சிருந்தேன். இவதான் லேட்டா வந்து கை வச்சா."

என் கையில் மைக் இருந்தது. அதை நான் அணைத்திருக்கவில்லை. நானூறு பேருக்கு மேல் கேட்டார்கள்.

யாரோ எடுத்த காணொளியும் சுற்றியது. அதில் அமுதா பாய்ந்து வந்து கைவைப்பதும் பாட்டு நிற்பதும்தான் இருக்கும், அதற்கு முன் நடந்தது இருக்காது. பின்னால் என் குரல் தெளிவாகக் கேட்கும். அதற்குப் பிறகு கிள்ளானில் அவருக்கு வேலை வருவது ஏறக்குறைய நின்றுபோனது. அன்று சாமான்களைச் சுருட்டும்போது அவர் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி, எப்போது அளந்தாய் என்று. அதெல்லாம் அளந்தாச்சு என்றேன். அவர் தலையாட்டிவிட்டு வயரைச் சுருட்டினார். மன்னிப்பு அவர் கேட்கட்டும் என்று நான் வீம்பாக இருந்துவிட்டேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்தக் கதைதான். அப்போது எனக்கு அது தெரியாது, தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை.

இறுதிச் சடங்குக்குப் போனேன். நான் செய்த பேனர் வாசலில் தொங்கியது. தோளில் கை இருந்த இடம் யாருக்கும் தெரியாது. எனக்கு அதைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்தபின் மனோகரன் அண்ணன் கடைத் தொலைபேசிக்குக் கூப்பிட்டார். மேருவில் ஒரு கல்யாண மதிய விருந்து, அமுதாவின் அலுவலகத் தோழியின் வீட்டுக் கல்யாணம், அமுதா ஒப்புக்கொண்டது, அந்தத் தட்டுகளை ஓட்டத் தெரிந்த ஆள் அவருக்கு வேறு யாரையும் தெரியாது. "உங்களுக்குப் பிடிக்குதோ இல்லையோ, எனக்குப் பிடிக்குதோ இல்லையோ, அது அவ குடுத்த வாக்கும்மா" என்றார். குரலில் உபசாரம் எதுவும் இல்லை. வருகிறேன் என்றேன்.

தொழிற்சாலைகளுக்கு நடுவில் இருந்த மண்டபம். ஞாயிற்றுக்கிழமையானதால் சுற்றிலும் ஓசையே இல்லை. மனோகரன் அண்ணன் சாமான்களை இறக்கிவிட்டு வெளியே லோரியில் போய் உட்கார்ந்துகொண்டார். நான் ஊசியை ஊதினேன், வயரை இழுத்துப் பார்த்தேன், வளையங்களைப் பார்த்தேன். எல்லாம் சரி. அந்த நிசப்தத்திலேயே அளவையும் எடுத்தேன். கிள்ளானில் பாட்டைக் கெடுத்தது அமுதாவின் கை என்றுதான் ஏழு மாதமாக நம்பியிருந்தேன். என் வழியை மாற்ற எனக்குக் காரணம் எதுவும் இல்லை.

பதினொன்றரைக்கு உறுமிக்காரர்கள் வந்தார்கள். கிள்ளானில் அடித்த அதே குழு, தலைவர் முனியாண்டி அண்ணன். வாசலில் நின்று தோலைச் சரிபார்க்க நாலு அடி அடித்தார்கள். நான் மேசையிலிருந்து பத்தடி தள்ளி, மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். ஊசி நிற்கும் தட்டின்மேல் இருந்தது. ஸ்பீக்கரிலிருந்து பாட்டு தானாகத் திக்கத் தொடங்கியது. இரண்டு அடி முன்னால், ஒன்றரை அடி பின்னால்.

மேசைக்கருகில் யாருமே இல்லை. தாமதமாக வருவதற்கும் யாரும் இல்லை. யார் கையும் எதன்மேலும் படவில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அமைதியில் அளந்த அளவு அமைதிக்குத்தான் சரி. உறுமியின் அதிர்வு மேசை வழியாக ஊசிக்குப் போகிறது, கணினி அதைத் தட்டு சுற்றுவதாக எடுத்துக்கொள்கிறது. கிள்ளானிலும் இதேதான் நடந்திருக்கிறது. அமுதா ஓடிவந்து செய்தது பாட்டைத் தட்டின் பிடியிலிருந்து விடுவித்து, கணினியே ஓட்டும்படி விட்டது மட்டும்தான். அந்த வீறலும் இரண்டு விநாடி மௌனமும் அதற்குக் கொடுத்த விலை. அவர் அன்று பெண்ணின் கல்யாணத்தைக் காப்பாற்றினார். நான் மைக்கைப் பிடித்து அவர் பெயரைக் கெடுத்தேன்.

மணமக்கள் வர இருபது நிமிடம்தான் இருந்தது. முனியாண்டி அண்ணனிடம் போனேன். மேசைப் பக்கம் வந்து இரண்டு நிமிடம் நிறுத்தாமல் அடிக்க முடியுமா என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அமுதாக்கா கேக்கிற மாதிரியே கேக்கிறீங்க" என்றார். பிறகு உறுமியைத் தோளில் மாட்டிக்கொண்டே, வருத்தப்படாமல், குற்றம் சொல்லாமல் ஒரு சேதியாகத்தான் சொன்னார்: "அன்னைக்குக் கிள்ளான்ல எங்கள யாரும் கூப்பிடலையே தங்கச்சி."

ஆறு பேர் மேசையைச் சுற்றி நின்று அடித்தார்கள். சாப்பாடு போடுபவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மாப்பிள்ளையின் மாமா ஒருவர் காதைப் பொத்திக்கொண்டார். நான் நிற்கும் தட்டின்மேல் ஊசியை வைத்து, கணினியில் ஒரு விரலை அழுத்திக்கொண்டு, அமுதா நின்ற மாதிரியே கண்ணை மூடி நின்றேன். நெஞ்சுக்குள் உறுமி அடித்தது. கண்ணைத் திறந்தபோது அவ்வளவு இரைச்சலிலும் திரையில் பாட்டு நிற்கும் இடத்தைக் காட்டும் கோடு நூலளவும் அசையாமல் நின்றது.

பெண் நுழைந்தாள், பாட்டு ஓடியது, எல்லாரும் கைதட்டினார்கள். என் கையில் மைக் இருந்தது. அங்கேயே சொல்லிவிடலாமா என்று வாய்வரை வந்தது. அது வேறொருவர் வீட்டுக் கல்யாணம், அவர்கள் நல்ல நாள். விழுங்கிக்கொண்டு, சாப்பாட்டுக்கு வரிசையாக வரும்படி அறிவித்தேன்.

மதியம் மூன்று மணிக்கு, லோரியின் பின்பக்கம் கயிறு கட்டிக்கொண்டிருந்த மனோகரன் அண்ணனிடம் சொன்னேன். முழுதாகச் சொன்னேன். அவர் முடிச்சுப் போடுவதை நிறுத்தவில்லை.

"அவளுக்குத் தெரியும்" என்றார். "அன்னைக்கே வீட்டுக்கு வந்து சொன்னா, சுகு அமைதியில அளந்துட்டான்னு. ஊர்ல எல்லார்கிட்டயும் சொல்லுன்னேன். மாட்டேன்னுட்டா. சுகுவே கண்டுபிடிச்சுக் கூப்பிடட்டும்னா. டெய்லி ஃபோனை எடுத்து எடுத்துப் பார்ப்பா."

நான் படத்தில் வெட்டிய கையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். அவர் இடைமறித்தார். "உங்க கைன்னு தெரிஞ்சுதான் வெட்டச் சொன்னேன்."

கடைசி முடிச்சை இறுக்கினார். பிறகு அவர், முப்பத்தோராம் நாளுக்கு ஒரு நினைவு மலர் போடவேண்டும் என்றார். "மைக்ல சொன்னதுக்குத் தாள்ல பதில் எழுதுங்க. படிச்சிட்டுச் சொல்றேன்."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். பழி இனி இருக்கவேண்டிய இடத்துக்கு வரட்டும். கிள்ளான் மண்டபத்தில் அன்று என் குரலைக் கேட்டவர்களில் பலர் இந்த மலரை வாங்குவீர்கள். பெண்ணின் அப்பாவும் வருவார் என்று சொன்னார்கள். உங்கள் எல்லாருக்கும் சொல்கிறேன்: அன்று தவறு செய்தது சுகுணாவாகிய நான். அமுதா மனோகரன் ஒரு தவறும் செய்யவில்லை. பாட்டு ஓடியதே அவரால்தான்.

இந்த மலருக்கு இரண்டு அட்டைகள் செய்து மனோகரன் அண்ணனுக்கு அனுப்புகிறேன். ஒன்றில் அமுதா தனியாக இருக்கிறார். மற்றொன்று வெட்டாத பழைய படம். எதை அச்சடிப்பது என்று அவர்தான் சொல்லவேண்டும். உங்கள் கையில் இருக்கும் மலரின் அட்டையில் அமுதாவின் தோளில் ஒரு கை இருந்தால், அவர் இதைப் படித்துவிட்டுச் சரி என்று சொன்னார் என்று அர்த்தம். இல்லாவிட்டால், அதுவும் நியாயம்தான்.

இனி 'அவர்' போதும். அமுதா, நீ காத்திருந்த ஃபோன் இதுதான். கண்டுபிடித்துவிட்டேன்டி. ஏழு மாதமும் இருபத்துச் சொச்ச நாளும் தாமதம். மேருவில் உறுமி அடித்துக்கொண்டே இருந்தது, உன் தட்டில் பாட்டு அசையவே இல்லை. நீயும் இனி அப்படி நிம்மதியாக இரு. இந்தப் பக்கத்துச் சத்தத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.